வீட்டிலேயே இருக்கும் போன்

கராகோல், கிர்கிஸ்தான்,
மார்ச் முதல் வாரம்.

பெகாயிமின் அப்பாவுக்கு ஜிபார் எழுதிக்கொள்வது.

இங்கே நான், குழந்தை, உங்கள் அம்மா மூவரும் சுகம். அங்கே உங்கள் முதுகுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். ஊருக்கு வந்திருந்த உங்கள் அறைத் தோழர் மாமிர் கையில் இந்தக் கடிதத்தோடு கம்பளிக் காலுறை இரண்டு ஜோடியும் ஒரு பை உப்புத்தயிர் உருண்டையும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அறையில் இருக்கிற எல்லோருக்கும் பங்கு போட்டுவிட்டு நீங்கள் வெறும் பையோடு நிற்காதீர்கள்.

நேற்றுகூடப் போனில் பேசியவள் இன்றைக்கு எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் சொல்ல முடியாத சேதி. ஏன் முடியாது என்பது படித்து முடிப்பதற்குள் உங்களுக்கே விளங்கிவிடும். தனியாக உட்கார்ந்து படியுங்கள். பாதியில் கசக்கி எறிந்துவிடாதீர்கள். உங்கள் கோபம் எனக்குத் தெரியும், அது ஆறும் என்பதும் தெரியும்.

முதலில் நல்ல சேதி. செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது. உங்கள் அம்மா சீம்பால் காய்ச்சித் தெரு முழுக்கக் கொடுத்துவிட்டு, கன்றின் நெற்றியில் இருக்கிற வெள்ளைச் சுட்டியை உங்கள் அப்பாவின் நரைமுடியோடு ஒப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறார். கூரையில் இந்த வருஷம் பனி அதிகம். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து தள்ளிவிட்டுப் போனார்கள்.

இனி பெரிசாத்தைப் பற்றி எழுத வேண்டும். சந்தையில் இரும்புப் பெட்டிகளை வரிசையாக வைத்துக் கடை நடத்துகிறார்களே, அந்த வரிசையின் கடைசியில் கம்ப்யூட்டரும் போனும் பழுது பார்க்கிற பெண். உங்களுக்கு அவளைத் தெரியும். நீங்கள் வேலைக்கு ரஷ்யாவுக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு தடவை சந்தையிலிருந்து வந்து, "திமிர் பிடிச்ச பொண்ணு. காசு குடுத்தாலும் வேலை செய்ய மாட்டேங்கறா" என்று சொன்னீர்கள். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

எங்கள் தையல் பட்டறைக்கு அவள் வந்தது போன இலையுதிர் காலத்தில். பேட்டர்ன் வரைகிற எங்கள் கம்ப்யூட்டர் ஒருநாள் காலையில் திறந்தால் கருப்பாக நின்றது. இத்தனை வருஷமாக நான் வரைந்து வைத்த பள்ளிச் சீருடை அளவுகள், பஞ்சு வைத்த நீள அங்கிகள், எல்லாம் பூட்டிக் கிடந்தன. பணம் கட்டினால் திறப்போம் என்று திரையில் ஓர் அறிவிப்பு. எங்கள் முதலாளி ரிஸ்பூபூ அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பெரிசாத்தைக் கூட்டி வந்தோம். அவள் நோண்டிப் பார்த்துவிட்டு, "போனது போனதுதான் அக்கா, பொய் சொல்லி உங்ககிட்ட காசு வாங்க மாட்டேன். இந்த சாஃப்ட்வேரை யாரோ திருட்டுத்தனமா உடைச்சுக் குடுத்திருக்காங்க. உடைச்சவனே இந்த வினையையும் உள்ள வச்சுத்தான் குடுத்திருக்கான்" என்றாள்.

பிறகு அந்தக் கம்ப்யூட்டரை முழுக்கத் துடைத்துவிட்டு வேறொன்று போட்டுத் தந்தாள். பேட்டர்ன் வரைய ஒரு மென்பொருள், அதற்கு அடியில் கம்ப்யூட்டரை இயக்குகிற மென்பொருள், இரண்டுக்கும் காசு கிடையாது. உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதியதாம். யார் வேண்டுமானாலும் அதன் உள்பக்கத்தைத் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். நான் உடனே, "ஓசியில குடுக்கறவன் எதையாவது எடுத்துக்காம குடுப்பானா?" என்று கேட்டேன். அது உங்கள் வார்த்தை. அவள் மேஜைமேல் கிடந்த ஒரு கோட்டை எடுத்து உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டாள்.

"நீங்க ஒரு கோட்டு நல்லதா கெட்டதான்னு எப்படிப் பாப்பீங்க?"

"திருப்பித் தையலைப் பார்ப்பேன்."

"திருப்பிப் பாக்கக் கூடாதுன்னு கடைக்காரன் சொன்னா?"

"வாங்க மாட்டேன்."

"அவ்வளவுதான் அக்கா விஷயம். காசா ஓசியான்னு கேக்காதீங்க. திருப்பிப் பாக்க விடறாங்களான்னு கேளுங்க."

அந்த மென்பொருளில் எனக்கு ஒரு குறை இருந்தது. பஞ்சு வைத்த அங்கிக்குக் கைக்குழி வரைந்தால் கணக்குத் தப்பிவிடும், துணியின் கனத்தை அது சேர்த்துக்கொள்வதில்லை. நான் குறைப்பட்டுக்கொண்டபோது பெரிசாத், "காகிதத்துல வரைஞ்சு குடுங்க, எழுதிப் போடறேன்" என்றாள். எழுதியும் போட்டாள். கொஞ்ச நாளில் போர்த்துகலில் இருந்து யாரோ ஒரு கணக்கு வாத்தியார் பதில் எழுதியிருந்தார். நான் வரைந்த மாதிரியே சரி செய்து, அடுத்த பதிப்பில் சேர்த்து, கீழே 'கராகோலின் ஜிபாருக்கு நன்றி' என்று போட்டிருந்தார். என் பெயர், பெகாயிமின் அப்பா! பார்த்திராத நாட்டில், பார்த்திராத மனிதர். பட்டறைப் பெண்கள் என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அன்று மாலை உங்களிடம் போனில் சொன்னேன். நீங்கள் "ஓ" என்றீர்கள். அடுத்து, "மழையில எதுக்கு நடந்து வந்தே, வேன்ல வந்திருக்கலாமே?" என்று கேட்டீர்கள்.

அந்தக் கேள்வியில் நான் மற்றதை மறந்துவிட்டேன். நான் நடந்து வந்தது இவருக்கு எப்படித் தெரியும் என்று ஒரு நிமிஷம் திகைத்து, அப்புறம் உருகிப் போனேன். அது முதல் தடவையும் இல்லை. என் அக்கா வீட்டில் நான் கொஞ்ச நேரம் அதிகமாக உட்கார்ந்தால் உங்கள் போன் வரும். மருத்துவமனைக்குப் போனால், "உடம்புக்கு என்ன?" என்று கேட்பீர்கள். மறுநாள் பட்டறையில், "எங்க வீட்டுக்காரருக்கு அங்க இருந்தே நெஞ்சுல தெரியும்" என்று பெருமை அடித்தேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவள் ஒருத்தி, "எங்க வீட்டுக்காரருக்குப் பக்கத்துல படுத்திருந்தாலே தெரியாது" என்றாள். எல்லோரும் சிரித்தோம். எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

பெரிசாத் மட்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "போனைக் கொஞ்சம் காட்டிட்டுப் போங்க அக்கா, சும்மா பாத்துத் தரேன், காசு வேண்டாம்" என்பாள். ஆள் பிடிக்கிறாள் என்று நினைத்து நழுவிவிடுவேன்.

ஜனவரியில் நடந்ததை இப்போது எழுதுகிறேன். பயப்படாதீர்கள், குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் பட்டறையில் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். தெரியாத எண். ஓர் ஆண்குரல், பதறாமல், மரியாதையாகப் பேசியது. என் பெயரைச் சொன்னான். பெகாயிம் எந்த வாசல் வழியாகப் பள்ளிக்கூடத்திலிருந்து வருவாள், எந்தத் தெருவில் திரும்புவாள் என்று சொன்னான். அவளுடைய படம் ஒன்றை அனுப்பினான். நீல மேலங்கி போட்டு நம் வீட்டுக் கண்ணாடி முன்னால் அவளே எடுத்துக்கொண்ட படம். "பொண்ணு எங்ககிட்ட இருக்கா. போனை வைக்காதீங்க. வச்சா அவளுக்கு நல்லதில்ல" என்று சொல்லிவிட்டு, பணம் அனுப்ப ஓர் எண் கொடுத்தான்.

கத்தரிக்கோல் கையிலிருந்து எப்படி விழுந்தது என்றே தெரியவில்லை. அன்றைக்குப் பெரிசாத் பட்டறையில் வேறொரு கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து வந்து, போனில் கேட்ட குரலைக் காது கொடுத்துக் கேட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கே கிடந்த தையல் சாக்பீஸை எடுத்து வெட்டு மேஜையில் எழுதினாள்: 'பேசிக்கிட்டே இருங்க. அனுப்பாதீங்க. ஸ்கூலுக்கு நான் கூப்பிடறேன்.' நான் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டு நின்றேன். வங்கி ஆப் திறக்கவில்லை, கண்ணாடி போடவில்லை, எண்ணைத் திரும்பச் சொல்லுங்கள் என்று. அவள் வெளியே போய்ப் பள்ளிக்கூடத்தைக் கூப்பிட்டாள். பெகாயிம் கிளம்பிவிட்டாளாம். உடனே ரிஸ்பூபூ அக்காவின் காரை எடுத்துக்கொண்டு போனவள், பெகாயிமைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நின்றாள். நம் மகள் தோழிகளோடு பள்ளித் தெரு முனையில் நின்று காரமான அஷ்லியான்ஃபூ நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். உதட்டில் மிளகாய் எண்ணெய் காயவில்லை. "என்னம்மா, எதுக்கு அழறே?" என்கிறாள்.

போனில் அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். பெரிசாத் அதை வாங்கி, "அண்ணே, பொண்ணு இங்க நிக்கறா. நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். வைத்துவிட்டான். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

என் வாழ்க்கையில் ஒரு மனுஷியை இவ்வளவு மதிப்போடு நான் பார்த்ததில்லை. தைரியம் என்றால் கத்துவது என்று நினைத்திருந்தேன். அவள் குரல் ஒரு தடவைகூட உயரவில்லை.

அதற்கப்புறம்தான் கேட்டாள். "குழந்தை எந்தத் தெருவுல திரும்புவாங்கறது அவனுக்கு எப்படித் தெரியும்? அந்தப் படத்தை யாருக்காவது அனுப்பினியா பெகாயிம்?" இல்லை என்றாள். பெரிசாத் என் போனையும் குழந்தையின் போனையும் வாங்கிப் பார்த்தாள். உள்ளே பேட்டரியைப் பாதுகாக்கிற ஆப் என்ற பெயரில் ஒன்று இருந்தது. அது பேட்டரியைப் பாதுகாக்கவில்லை. நாங்கள் எங்கே போகிறோம், யாரோடு பேசுகிறோம், என்ன படம் எடுக்கிறோம் எல்லாவற்றையும் எங்கேயோ ஒரு கம்பெனிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தக் கம்பெனி அத்தனையையும் கதவில்லாத அறையில் வைத்த மாதிரி வைத்திருக்கிறது. யார் யாரோ உள்ளே புகுந்து அள்ளிக்கொண்டு போய் விற்றிருக்கிறார்கள். அப்படிப் போனதில் நம் குழந்தையின் படமும் ஒன்று.

"இதை வெளியாள் போட்டிருக்க முடியாது அக்கா. போனைக் கையில வச்சிருந்தவங்கதான் போட்டிருக்கணும். யார்கிட்டயாவது குடுத்தீங்களா?"

நீங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள், புதுக் கண்ணாடி ஒட்டித் தருகிறேன் என்று இரண்டு போனையும் வாங்கிக்கொண்டு சந்தைக்குப் போனது நினைவுக்கு வந்தது. பெரிசாத்தின் அடுத்த கடைக்காரன் டயிரிடம் போனீர்கள். கண்ணாடியும் ஒட்டித்தான் வந்தது.

பெரிசாத்திடம் கேட்டேன். "அவர் முதல்ல உன்கிட்டதானே வந்தார்?"

"வந்தார். முடியாதுன்னேன்."

"எனக்கு ஏன் சொல்லலே?"

"என்கிட்ட ஒருத்தர் வந்து கேக்கறதை நான் இன்னொருத்தர்கிட்ட சொல்றதில்லை. அதனாலதான் போனைக் காட்டுங்க, காட்டுங்கன்னு உங்க பின்னாடியே சுத்தினேன். இப்ப பாத்தா அது போதல. எது சரின்னு எனக்கே தெரியல அக்கா" என்றாள். அவள் கண் கலங்கியதை அப்போதுதான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு உரித்தேன். முதலில் உங்கள்மேல் கோபம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. நெஞ்சில் தெரியும் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேனே. உங்களுக்கு நெஞ்சில் தெரியவில்லை, போனில் தெரிந்தது. கோபம் மறுநாள் வந்தது. இன்னும் முழுக்கப் போகவில்லை, மறைக்க மாட்டேன்.

பெரிசாத், "இப்பவே எடுத்துடலாம், ஆனா எடுத்த உடனே அவருக்குத் தெரிஞ்சிடும். அவரால உங்களுக்கு ஏதாவது ஆபத்து உண்டா?" என்று கேட்டாள். ஒரு நாளும் கை நீட்டியவர் இல்லை என்று சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்கே நிம்மதியாக இருந்தது. குழந்தையின் போனை அன்றே துடைத்துவிட்டாள். அது விழுந்து உடைந்துவிட்டதாக உங்களிடம் சொன்னது பொய். என் போனை மட்டும் அப்படியே விட்டு, அலமாரியில் தேநீர்க் கிண்ணங்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். பட்டறையில் வேலை குறைவு, வீட்டிலேயே தைக்கிறேன் என்று நான் சொன்னதும் பொய். பெரிசாத் ஒரு பழைய போனைத் துடைத்து, அதிலும் திருப்பிப் பார்க்கக்கூடிய மென்பொருளைப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். வெளியே போகும்போது அதுதான் என்னோடு வருகிறது.

நீங்கள் போன மாதம், "இப்பல்லாம் எங்கயும் அலையாம வீட்டோட இருக்க, சந்தோஷமா இருக்கு" என்றீர்கள். நான் "ஆமாம்" என்றேன். அந்த வாரம் பட்டறைப் பெண்களோடு மலையில் வெந்நீர் ஊற்றுக்குப் போயிருந்தேன். கழுத்துவரை வெந்நீர், தலையில் பனி. ஏரிக்கரையில் தனியாக நடந்தேன். எந்தத் தப்பும் செய்யவில்லை. நடந்தேன், அவ்வளவுதான். நான் இங்கே இருப்பது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்ற நினைப்பு எவ்வளவு இலேசாக இருந்தது என்று உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? அதே நேரம் அலமாரியில் இருந்த போனை நீங்கள் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று நினைத்ததும் கரையிலிருந்து வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். இந்தப் பொய் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பெரிசாத் இப்போது கடையில் ஓர் அட்டை தொங்கவிட்டிருக்கிறாள்: 'போன் சோதித்துத் தரப்படும். இலவசம். கேள்வி கேட்க மாட்டோம்.' கண்ணாடி ஒட்ட வந்தேன், சார்ஜர் வாங்க வந்தேன் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு பெண்கள் வருகிறார்கள். டயிர் சும்மா இருப்பானா? "ஏ பெரிசாத், இப்படி வீட்டுக்கு வீடு கலகம் மூட்டினா உன்னை எவன் கட்டுவான்?" என்று கத்தினான். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "உன் பொண்டாட்டியை ஒரு தடவை உன் போனைத் திறந்து பாக்கச் சொல்லு, அப்புறம் யாரு வீட்டுல கலகம்னு பாக்கலாம்" என்றாள். வரிசையே சிரித்தது.

எல்லாம் சிரிப்பில் முடியவில்லை. தன் மனைவியின் போனிலிருந்து ஆப் போய்விட்டது என்று ஒருவன் வந்து கூச்சல் போட்டுவிட்டுப் போனான். மறுநாள் காலையில் பெரிசாத்தின் கடைக் கதவு முழுக்கத் தார். அட்டையைக் கிழித்துப் போட்டிருந்தார்கள். அவள் பழைய துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். யாரும் எதிர்பார்க்கவில்லை, டயிர் ஒரு டப்பா பெட்ரோலோடு வந்து பக்கத்தில் நின்று துடைத்தான். "தார் நாத்தம் என் வியாபாரத்தைக் கெடுக்குது" என்று மட்டும் சொன்னான். இப்போது பட்டறைப் பெண்கள் முறை வைத்து அவள் கடையில் போய் உட்காருகிறோம். சனிக்கிழமை என் முறை. தையல் வேலையை அங்கேயே எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன். நான் அங்கே இருப்பது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். ஆனாலும் போவேன்.

உங்களைத் திட்டித்தான் எழுதுவதாக இருந்தேன். போன வாரம் மாமிர் தன் அப்பாவின் வருஷ நினைவு விருந்துக்கு அழைத்திருந்தார். பேச்சோடு பேச்சாக, "அண்ணி, துராத் சாப்பிடும்போது எங்களோட பேசவே மாட்டான். போன்ல ஏதோ வரைபடத்தைப் பாத்துக்கிட்டே சாப்பிடுவான். என்னடா பண்றேன்னு கேட்டா, 'வீட்டுக்குப் போயிட்டு வரேன்'ம்பான்" என்றார். அவருக்கு விஷயம் தெரியாது. நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

உங்களுக்கு வீட்டு ஞாபகம் தாங்கவில்லை என்றால் என்னிடம் சொல்லியிருக்கலாமே? சந்தேகமா, ஏக்கமா, இரண்டுமா? எதுவாக இருந்தாலும் எனக்குச் சொல்லுங்கள். அந்த வரைபடத்துப் புள்ளிக்குத் தெரிவதெல்லாம் நான் நிற்கிற இடம் மட்டும்தான். அங்கே நின்று என்ன நினைத்தேன் என்று அதற்குத் தெரியாது. நான் எங்கே போனேன், யாரைப் பார்த்தேன், எதற்குச் சிரித்தேன் என்று என்னைக் கேளுங்கள். கேட்டால் சொல்லாமல் இருக்கிறவளா நான்?

மாமிர் அங்கே வந்து சேர்ந்த அன்று பெரிசாத் என் போனையும் துடைத்துவிடுவாள். உங்கள் திரையிலிருந்து நான் மறைந்துவிடுவேன். பயப்பட வேண்டாம், நான் இங்கேதான் இருப்பேன்.

குளிரில் தலையை மூடிக்கொள்ளுங்கள். உயரத்தில் வேலை செய்யும்போது கயிற்றைக் கட்டிக்கொள்ளுங்கள். ஆண்டவன் உங்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள்
ஜிபார்



யெகாதெரின்பர்க்,
மார்ச் கடைசி.

அன்புள்ள ஜிபாருக்குத் துராத் எழுதுவது.

நான் சுகம். காலுறை போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஊருக்குப் போகிற, நம் பக்கத்து அக்சூ ஊர்க்காரர் ஒருவர் கையில் இதைக் கொடுக்கிறேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் பேனா பிடித்ததில்லை. எழுத்தைப் பார்த்துப் பெகாயிம் சிரித்தால் சிரிக்கட்டும்.

உன் கடிதத்தைக் கசக்கினேன். பிறகு எடுத்து நீவிப் படித்தேன். சில நாள் மாமிரோடு பேசவில்லை, பாவம் அவனுக்கு ஏன் என்றே தெரியாது. திருட்டில் பிடிபட்டவன் மாதிரி இருந்தது. குழந்தையைப் பற்றி எழுதிய பக்கத்தை மட்டும் என்னால் இரண்டாம் முறை படிக்க முடியவில்லை. அவள் படத்தை அந்த அயோக்கியன் கையில் கொடுத்தது நான்தான். எப்படிச் சுற்றி வந்து யோசித்தாலும் அங்கேதான் வந்து நிற்கிறது.

கேட்டாய் இல்லையா, சந்தேகமா ஏக்கமா என்று. முதலில் சந்தேகம்தான். இங்கே அறையில் ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள். அவன் பெண்டாட்டி போய்விட்டாள், இவன் பெண்டாட்டி போய்விட்டாள் என்று. அதைக் கேட்டுவிட்டு ஊருக்கு வந்த சமயத்தில்தான் சந்தைக்குப் போனேன். கொஞ்ச நாளில் சந்தேகம் போய்விட்டது. நீ பட்டறைக்குப் போகிறாய், வருகிறாய், அக்கா வீட்டுக்குப் போகிறாய். அப்போதே எடுத்திருக்கலாம். ஆனால் அதற்குள் அது எனக்குப் பழகிவிட்டது. நீயும் குழந்தையும் இரண்டு நீலப் புள்ளியாக வீட்டுக்குள் சேர்ந்ததும்தான் எனக்குச் சோறு இறங்கும். இது நியாயம் என்று சொல்லவில்லை. நடந்தது இதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே எங்கள் மேஸ்திரி எல்லோர் போனிலும் ஓர் ஆப் போடச் சொல்லியிருக்கிறான், வருகைப் பதிவுக்கு என்று. ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரைக்குப் போனால்கூட மறுநாள், "என்ன துராத், மீன் பிடிச்சியா?" என்பான். கழிப்பறையில் உட்கார்ந்திருந்தால் கூப்பிடுவான். அவனை நான் திட்டாத திட்டு இல்லை. நான் என்ன ஆடா, கழுத்தில் மணி கட்ட என்று கத்தியிருக்கிறேன். உன் கடிதம் வரும்வரை, கத்திவிட்டு வந்து நானும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

மாமிர் வந்த அன்று புள்ளி மறைந்தது. மறுநாள் நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியாமலே வேலைக்குப் போனேன். நாலாம் நாள் மத்தியானம் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் மாமிரைப் பார்த்தேன். "என்னடா, வீட்டுக்குப் போகலையா?" என்றான். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் அறையில் இன்னும் நான்கு பேர் வீட்டில் அதே ஆப் இருக்கிறது, ஜிபார். குழந்தைகள் போனில்கூட. நம் பெகாயிமுக்கு நடந்ததைச் சொன்னதும் எல்லோர் முகமும் வெளுத்துவிட்டது. ஒருவன் உடனே வீட்டுக்குப் போன் போட்டு, சந்தையில் கடைசிக் கடைக்குப் போ என்று சொல்லிவிட்டான். இரண்டு பேர் இன்னும் யோசிக்கிறார்கள். ஒருவன் என்னைப் பொட்டை என்று சொன்னான். சொல்லட்டும்.

அந்தப் பெண்ணைத் திமிர் பிடித்தவள் என்று சொன்னது என் நாக்குதான். அன்றைக்கு அவள் கடையில் வைத்து என்னை அசிங்கப்படுத்தவில்லை. "அண்ணே, இதைப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை அக்காகிட்ட பேசிப் பாருங்க" என்று தணிவாகத்தான் சொன்னாள். நான்தான் கத்திவிட்டு வந்தேன். முடியாது என்று சொல்ல அவளுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். ஊருக்கு வந்ததும் முதலில் அவள் கடைக்குத்தான் போவேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. கதவில் தார் மிச்சம் இருந்தால் சுரண்டிக் கொடுக்கிறேன். அதற்குப் பேச வேண்டியதில்லை.

போர்த்துகல்காரர் உன் பெயரைப் போட்டாரே, அதற்கு நான் "ஓ" என்று மட்டும் சொன்னேனாம். அதைப் படித்தபோது மற்ற எதையும்விட அதிகம் உறைத்தது. அந்தக் கைக்குழிக் கணக்கு என்ன, பஞ்சு வைத்தால் ஏன் தப்புகிறது, நீ எப்படிக் கண்டுபிடித்தாய்? எழுது. புரியாவிட்டாலும் படிக்கிறேன். வெந்நீர் ஊற்றில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள், யார் பாடினார்கள், திரும்பி வரும்போது தலை காய்ந்ததா? கன்றுக்கு என்ன பெயர் வைத்தீர்கள்? சனிக்கிழமை கடையில் உட்கார்ந்து என்ன தைக்கிறாய்? எனக்கு இப்போது எதுவுமே தெரியாது, ஜிபார். எல்லாவற்றையும் நீதான் சொல்ல வேண்டும்.

கோடையில்தான் இங்கே வேலையும் கூலியும் அதிகம் என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் இந்தக் கோடைக்கு நிற்க மனமில்லை. ஆனால் போன தடவை மாதிரி நானே முடிவு பண்ணிவிட்டு வாசலில் வந்து நிற்க மாட்டேன். உன் கோபம் முழுக்கப் போகவில்லை என்று எழுதியிருக்கிறாய். போகிறவரை பொறுத்திருக்கிறேன்.

அம்மாவுக்கும் குழந்தைக்கும் என் அன்பு. நீ எங்கே நடந்தாலும் உன் கால் வழுக்காமல் இருக்கட்டும்.

வரட்டுமா? நீ வரச்சொல்லி எழுதினால்தான் டிக்கெட் எடுப்பேன்.

துராத்